செனுலியின் இடது தோள்

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. த்ரீவீல்காரன் கறுவாத் தோட்டத்து முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

"இதுக்கு மேல சேறு, மிஸ். இறங்கினா வண்டி ஏறாது. அந்தா தெரியுது பாருங்க வீடு."

நிலுகா கேமரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். காலி நகரத்துக் கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறையில் தனியாக இருந்துகொண்டு அவள் செய்யும் தொழில் ஒன்றுதான். பிள்ளைகளின் புகைப்படத்தைக் கணினியில் பென்சில் சித்திரமாக மாற்றி, கார்ட்டூன் காட்டுக்குள்ளோ கடலுக்குள்ளோ உட்காரவைத்துப் பிறந்தநாள் பேனர் செய்துகொடுப்பாள். எல்லோரும் படத்தைப் போனில் அனுப்பிவிடுவார்கள். இந்த தினூஷா மட்டும்தான் நேரில் வரச்சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். அவள் அனுப்பிய ஏழு படங்களிலும் பிள்ளையின் முகம் தெளிவாக இருந்தது, தோளுக்குப் பின்னால் மட்டும் எல்லாம் அசைந்து கலங்கியிருந்தது.

பழைய வீடு. முன்பக்கம் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் ஈரப்பாசி வாடை மூக்கில் அடித்தது.

"வாங்க நங்கி! மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு." தங்கையைக் கூப்பிடுவதுபோல நங்கி என்றபடி தினூஷா பிளேன் டீயும் கித்துல் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "செனுலியோட அப்பா கொரியாவில இருந்து படத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கின வீடு. வந்து மூணு மாசம்தான் ஆகுது. இன்னும் அவரே இதைக் கண்ணால பார்க்கல."

செனுலிக்கு அடுத்த வாரம் ஐந்து வயது. மஞ்சள் ஃபிராக், இரண்டு குடுமி. கூடத்து மர நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு சாண் இடம் விட்டே உட்கார்ந்தாள்.

"நல்லா நகர்ந்து உட்காரு, துவே" என்றாள் தினூஷா மகளிடம்.

"இடமில்ல அம்மே. ஆயாம்மா உட்கார்ந்திருக்காங்க."

தினூஷா சிரித்தாள். "இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். ஆயாம்மா தலை சீவிவிட்டாங்க, ஆயாம்மா கதை சொன்னாங்க. ஆயாவுக்கு நான் எங்க போவேன்? எல்லா வேலையும் நானே செஞ்சு முதுகு ஒடியுது."

நிலுகாவும் சிரித்துவைத்தாள். எத்தனையோ பிள்ளைகளை வரைந்தவள் அவள். கற்பனைத் தோழி இல்லாத பிள்ளையே கிடையாது. பன்னிரண்டு படங்கள் எடுத்தாள். ஒவ்வொன்றையும் கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் கலங்கல் இல்லை. பின்னால் வெறும் சுவர்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினாள். கீழே கடைத்தெருவில் ரொட்டி விற்கும் பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. நல்ல வெயில்.

புகைப்படத்தைச் சித்திரமாக்குவதில் அவளுக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு பிரதி எடுத்து, அதன் நிறத்தைத் தலைகீழாக்கி மூலத்தின்மேல் போட்டால் திரை முழுக்க வெண்மையாகிவிடும். ஆள் இருந்த இடமே தெரியாது. அப்புறம் மேல் பிரதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கிக்கொண்டே போனால், அந்த வெள்ளைக்குள்ளிருந்து பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வரும். முதலில் கண் இமை, பிறகு மூக்கு, முடி. மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர் நடந்துவருவதுபோல இருக்கும்.

செனுலி வந்தாள். இமை வந்தது, குடுமி வந்தது, ஃபிராக்கின் சுருக்கு வந்தது.

அவள் தோள்களில் இரண்டு கைகள் வந்தன.

நிலுகா பேனாவை டேப்லெட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

வயதான பெண்ணின் கைகள். பின்னாலிருந்து வந்து, பிள்ளையின் இரு தோள்களையும் பற்றியிருந்தன. விரல் கணுக்கள் புடைத்திருந்தன. மணிக்கட்டுக்கு மேலே கோடுகள் மங்கி, சுவரோடு கலந்திருந்தன.

மூலப்படத்தைத் திறந்து பார்த்தாள். வெறும் தோள், வெறும் சுவர். ஒளியைக் கூட்டினாள், குறைத்தாள். ஒன்றுமில்லை. மற்றப் படங்களையும் சித்திரமாக்கினாள். பன்னிரண்டிலும் அதே இரண்டு கைகள் இருந்தன.

ஈரச்சுவரின் கறையாக இருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கறைக்கு நகம் இருக்குமா என்று நினைக்க விரும்பவில்லை. பேனர் நாளை அச்சுக்குப் போகவேண்டும்.

ஏற்கனவே வரைந்து வைத்திருந்த கார்ட்டூன் பின்னணியில் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தாள். பச்சைப் புல்மேடு, காளான் வீடுகள், கன்னம் சிவந்த சூரியன், குடை பிடித்த யானைக்குட்டி. அந்த நிறங்களுக்கு நடுவே சாம்பல் கோடுகளில் செனுலி அழகாகத்தான் இருந்தாள்.

அழிப்பானை எடுத்து, இடது தோளில் இருந்த கையை அழிக்க ஆரம்பித்தாள்.

பேனா கனத்தது.

கோடுகள் ஒரே இழுப்பில் போகவில்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் நெடுநேரம் துணியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் போனது. நிலுகா கோப்பைச் சேமித்தாள். கழுத்து வியர்த்திருந்தது.

வலது தோளுக்குப் போகும்போதுதான் பிள்ளையின் காலடியைக் கவனித்தாள்.

புல்லில் ஒரு கறுப்பு வட்டம்.

அவள் அப்படி எதையும் வரைந்திருக்கவில்லை. பச்சை நிறத்தை ஊற்றி மூடினாள். மூடியது. கண்ணிமைக்கும் நேரத்தில் பச்சையை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கறுப்பானது. அதன் குறுக்கே நான்கைந்து கோடுகள், பலகைகள்போல. செனுலியின் செருப்புகள் அந்தப் பலகைகளின்மேல் இருந்தன.

அவள் இடது தோள் சரிந்திருந்தது. சற்று முன்வரை அது நேராக இருந்தது.

நிலுகா போனை எடுத்தாள்.

"அக்கா, செனுலி எங்க?"

"கூடத்தில கார்ட்டூன் பார்த்துட்டிருக்கா. ஏன் நங்கி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வீட்டைச் சுத்தி எங்கயாவது கிணறு இருக்கா?"

"குசினிக்குப் பின்னால பாழுங்கிணறு ஒண்ணு இருக்கு. பலகை போட்டு மூடித்தான் இருக்கு. இவர் லீவுல வந்ததும் கொங்கிரீட் போடணும்னு…"

"போய்ப் பிள்ளையைப் பாருங்க. இப்பவே. போனை வைக்காதீங்க."

செருப்புச் சத்தம். தொலைக்காட்சியின் பாட்டு அருகில் வந்து, தாண்டிப் போனது.

"துவே?"

ஒரு கதவு திறந்தது.

"செனுலி!"

பிறகு ஓடும் சத்தம். போன் எதிலோ மோதி விழுந்தது. தூரத்தில் மரம் முறியும் ஓசை கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அதற்குப் பின்னால் வெகு ஆழத்தில் தண்ணீர் சிதறியது.

தினூஷாவின் அலறல்.

நிலுகா செய்ததை நீக்கும் அன்டூ விசையை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அழித்தது திரும்பி வரவில்லை. ஆனால் திரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வலது தோளில் மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கையின் கோடுகள் கறுத்தன. விரல்கள் ஃபிராக்குக்குள் புதைந்தன. துணி கொத்தாகச் சுருங்கியது. மணிக்கட்டில் நரம்பு ஒன்று எழுந்து நின்றது.

அவள் தன்னையறியாமல் கும்பிட்டாள்.

"விட்டுடாதீங்க" என்றாள் திரையைப் பார்த்து, மெதுவாக. "விட்டுடாதீங்க, அம்மே."

அந்தப் பக்கம் மழை தொடங்கியிருந்தது; போனில் அது இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரத்துக்குப் பிறகு, ஒரு குழந்தையின் அழுகுரல்.

அரைமணி நேரத்தில் நிலுகா அங்கே போய்ச் சேர்ந்தாள். செனுலியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் தினூஷா. பிள்ளைக்குப் பற்கள் தந்தியடித்தன. அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு சோமவதி அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகை ரெண்டு உள்ள விழுந்துடுச்சு, நங்கி. நான் போறப்போ இவ கிணத்து வாய்க்கு மேல தொங்கிட்டிருந்தா. கட்டையைப் பிடிச்சிருக்கல. கொடியைப் பிடிச்சிருக்கல. சும்மா… காத்துல தொங்கினா. ஒரு பக்கமா சாஞ்சு. எட்டிப் பிடிச்சு இழுத்துட்டேன்."

துவாயை விலக்கிக் காட்டினாள். வலது தோளில் ஐந்து விரல் தடங்கள் கன்றிச் சிவந்திருந்தன. இடது தோளில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஆயாம்மாதான் பிடிச்சாங்க" என்றாள் செனுலி. "ஒரு கைதான் இருந்துச்சு. இன்னொரு கையைக் காணோம்னு அழுதாங்க."

சோமவதியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"யாரு துவே உனக்கு இந்தப் பேரைச் சொன்னது?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் தினூஷாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்போ இந்த வீட்டில ஒரு ஆயா இருந்தாங்க. வீட்டுக்காரங்க பொண்ணு கிணத்துல விழுந்ததும் பின்னாலயே குதிச்சாங்க. பிள்ளையைத் தூக்கி மேல குடுத்துட்டாங்க. அவங்க வரல. நாலு நாள் தேடினாங்க. கடைசி வரைக்கும் அவங்க கிடைக்கல."

நிலுகா துவாயை மறுபடி பிள்ளையின் தோள்மேல் இழுத்துவிட்டாள். நான்தான் அழித்தேன் என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்து பன்னிரண்டு படங்களையும் மீண்டும் சித்திரமாக்கினாள். வெள்ளையிலிருந்து இமை வந்தது, மூக்கு வந்தது, குடுமி வந்தது. தோள்கள் இரண்டும் வெறுமையாக இருந்தன. அந்தக் கைகள் எந்தப் படத்திலும் இப்போது இல்லை. சேமித்த கோப்பில் மட்டும் வலது தோளை அந்த ஒற்றைக் கை விடாமல் பற்றியிருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக அவளால் சோறு இறக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சுண்டுவிரல் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் மதியம், சன்னல் வெளிச்சத்தில் தன் இடது கையை நீட்டிப் படமெடுத்தாள். அதைப் பென்சில் கோடுகளாக்கினாள். விரல் கணுக்களைக் கொஞ்சம் தடிப்பாக்கி, செனுலியின் இடது தோளில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னால திருப்பித் தர முடிஞ்சது இதுதான்" என்று முணுமுணுத்தாள். "எடுத்துக்குங்க."

புல்லில் இருந்த கறுப்பு வட்டம் மெல்லப் பச்சையானது. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த வாரமே தினூஷா வீட்டைப் பூட்டிக்கொண்டு மஹரகமவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறந்தநாள் அன்று மாலை வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் பலூன்கள், பிள்ளைகளின் கூச்சல். செனுலியின் மூக்கு நுனியில் கேக் கிரீம் ஒட்டியிருந்தது.

"இதோ, உன் படம் வரைஞ்ச ஆன்ட்டிகிட்ட பேசு."

தினூஷா யாரையோ உபசரிக்க நகர்ந்ததும் நிலுகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "செனுலி, ஆயாம்மாவும் அங்க வந்திருக்காங்களா?"

"இல்லையே. எங்ககூட வரல."

"அப்போ பழைய வீட்டிலயே இருக்காங்களா?"

"அங்கயும் இல்ல, ஆன்ட்டி. உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. நீங்க கை தர்றேன்னு சொன்னீங்களாம்."

செனுலி கையை உயர்த்தி ஆட்டினாள். அவள் பார்வை நிலுகாவின் முகத்தில் இல்லை. கொஞ்சம் மேலே, தலைக்குப் பின்னால் இருந்தது.

திரையின் மூலையில் சிறு கட்டத்தில் நிலுகாவின் உருவம் தெரிந்தது. அவளும், பின்னால் வெள்ளைச் சுவரும் மட்டும்தான்.

யாரோ கூப்பிட, பிள்ளை ஓடிவிட்டாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நிலுகா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இடது கை விசைப்பலகையின் மேல் இருந்தது. அதை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை.

ஈரமாக, ஜில்லென்று ஏதோ அதன்மேல் படிந்தது.

பிறகு, அளவு பார்ப்பதுபோல, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நிதானமாகத் தடவிக்கொண்டு வந்து, சுண்டுவிரலில் நின்றது.