டேப் காலியாக இருக்க வேண்டும்

பயிற்சியின் முதல் நாள் என் கணவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். தடய ஆய்வகம் பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் மைக்ராஸ்கோப் அறை. தூசி ஆகாது என்பதால் ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. தரை துடைத்த மருந்தும் ஸ்லைடு ஒட்டும் பசையும் கலந்த நெடி தொண்டையைப் பிடித்தது.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடத்துக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முதல் வேலையாக எங்கள் ஒவ்வொருவர் தலையிலிருந்தும் ஒரு முடியைப் பிடுங்கி, ஸ்லைடில் ஒட்டிப் பெட்டியில் வைத்தார்.

“ஐயோ, வலிக்குது மேடம்!”

“வலிக்கட்டும். நாளைக்கு சாட்சிப் பொருள்ல உன் முடி விழுந்து கிடந்தா, அது உன்னுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

இன்னொரு விதியும் உண்டு. தினமும் மேசையைத் துடைத்து, அதன்மேல் ஒட்டும் டேப்பை ஒற்றி எடுத்து, லென்ஸில் பார்க்க வேண்டும். டேப் காலியாக இருந்தால்தான் அன்றைய வேலையைத் தொடங்கலாம்.

வேறு பிரிவில் இருந்த நான் கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பயிற்சிக்கு வந்ததே என் தங்கைக்காகத்தான். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு மாலை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. “யாரோடயாவது போயிருப்பா, வந்துடுவாம்மா” என்று போலீஸ் கைகழுவிவிட்டது. என் கணவர் என்னோடு தெருத்தெருவாக அலைந்தார். அவளுடைய ஒரு நூலாவது, ஒரு முடியாவது எங்காவது கிடைத்தால், அதைப் படிக்கத் தெரிந்தவளாக நான் இருக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கூப்பிட மாட்டாள். பின்னால் வந்து பின்னலை ஒரு இழு இழுப்பாள். எத்தனை திட்டு வாங்கியிருப்பாள் என்னிடம்!

இரண்டாம் நாள் என் டேப் காலியாக இல்லை.

ஒரு முடி இருந்தது. அடி கருப்பு, நுனியில் செம்புச் சாயம்.

“தொப்பி போடுன்னா காதுலயே வாங்கறதில்ல” என்று மேடம் எரிந்து விழுந்தார். மறுநாள் பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்தேன். மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். மறுபடியும் அதே சாயம் பூசிய முடி.

நான் சாயம் பூசுவதில்லை, என் தங்கைதான் நுனிக்குச் செம்புச் சாயம் பூசுவாள். வீட்டில் தங்கையின் சீப்பிலிருந்த முடியை எடுத்துவந்தேன். இரண்டு ஸ்லைடுகளை அருகருகே காட்டும் மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. நடுவில் ஒரு கோடு பிரிக்கும். இடப்பக்கம் சீப்பு முடி, வலப்பக்கம் டேப்பு முடி. நகர்த்தி நேராக்கினேன்.

கோட்டைத் தாண்டி ஒரே முடி ஓடுவது போலிருந்தது.

வேரில் மட்டும்தான் வித்தியாசம். சீப்பு முடியின் வேர் காய்ந்த குமிழ், தானாக உதிர்ந்தது. டேப்பிலிருந்த முடியின் வேரில் சதை ஒட்டியிருந்தது.

யாரோ பிடுங்கிய முடி.

“மேடம், இது என் தங்கச்சியோடது மேடம்!” வாய்விட்டு அழுதேன்.

“அழாதம்மா. ஒரே வீட்டுல இருந்தவங்க. நீதான் சுமந்துட்டு வர்ற. எதுல ஒட்டிட்டு வருதுன்னு பாத்துடுவோம்.”

என் செருப்பு, பை எல்லாவற்றிலும் டேப் ஒற்றினார். ஒன்றுமில்லை. என் வெள்ளைக் கோட்டில் ஒற்றியபோது தடித்த சாம்பல் நிற இழைகள் வந்தன. அவற்றோடு பின்னிக்கொண்டு, சதை ஒட்டிய முடிகள்.

“இந்தக் கோட்டை எங்க வைப்ப?”

“சாயங்காலம் அவர் வாங்கி கார் டிக்கில போட்டுப்பார். காலைல எடுத்துத் தருவார்.”

“டிக்கில விரிச்சிருக்கறது சாம்பல் கலர் கம்பளமா?”

“ஆமா” என்றேன். என்ன சொன்னேன் என்பது அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது.

கீழே ஹார்ன் அடித்தது. செல்போனும் அடித்தது, என் கணவர்.

“வாம்மா, மழை வலுக்கறதுக்குள்ள போயிடலாம். உன்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

நான் எழுந்துவிட்டேன். “எங்கடா வெச்சிருக்க அவளைன்னு சட்டையப் பிடிச்சுக் கேக்கறேன்! விடுங்க மேடம்!”

தொப்பிக்குள் என் பின்னலை யாரோ இழுத்தார்கள்.

திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

துடைத்து வைத்த மேசை நடுவில் ஒரு முடி கிடந்தது. முழுக் கருப்பு, சாயமே இல்லை. மேடம் பெட்டியிலிருந்து என் ஸ்லைடை எடுத்து, அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

என் முடி.

வேரில் ஈரச் சதை. அதைச் சுற்றி ஒரு சாம்பல் இழை. அந்த டிக்கிக்குள் நான் ஒருநாளும் தலையை விட்டதில்லை.

“கீழ போகாத. அடுத்தது நீதான்” என்று கிசுகிசுத்தார் மேடம். கதவைத் தாழிட்டுவிட்டுப் போலீஸுக்கு போன் போட்டார்.

அவனைப் பிடித்தார்கள். டிக்கியிலும் அவள் முடி இருந்தது. ஆனால் அவன் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அக்கா கோட்டுல தங்கச்சி முடி. அந்தக் கோட்டு டிக்கில. இதுல என்ன அதிசயம்? வேர்ல சதையா? அக்கா தங்கச்சி சண்டையில பிடுங்கியிருப்பாங்க.” தினமும் நானே கோட்டைக் கழற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டேன். அவள் எங்கே என்று அவன் வாயே திறக்கவில்லை. நேற்று ஜாமீனில் வந்துவிட்டான்.

நான் இப்போது ஆய்வக விடுதியில் இருக்கிறேன். இன்று காலை மேசையைத் துடைத்து டேப்பை ஒற்றினேன். மறுபடியும் என் முடி, சாம்பல் இழையோடு.

“எங்கடி இருக்க? அதை மட்டும் சொல்லுடி, உன் கால்ல விழறேன்.”

கீழே ஹார்ன் அடித்தது. அந்த ஹார்னை எனக்குத் தெரியும்.

தொப்பிக்குள் பின்னல் இறுகியது. இந்த முறை அவள் இழுத்துவிட்டு விடவில்லை. பிடித்துக்கொண்டே இருக்கிறாள்.