அலமாரிக்குள் ஒரு பல்பு

அலமாரியைத் திறந்ததும் கிராம்பு மணத்தது. மஸூதா அதற்குள் போட்டு வைத்திருந்ததோ அந்துருண்டை.

போர்ட் பிளேயர் மழையில் துணிமணியைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா என்ன? ஒரு வாரம் மூடி வைத்த சட்டையில் காளான் பறித்துக் குழம்பே வைத்துவிடலாம். தோல் பெல்ட்டுக்குத் தாடி முளைக்கும். செருப்பில் புல் வளர்ந்து ஆடு மேயும். அதனால்தான் அக்கம்பக்கத்து வீடுகளைப் போல மஸூதாவின் படுக்கையறை அலமாரிக்குள்ளும் ஒரு குண்டு பல்பு மழைக்காலம் முழுக்க அணையாமல் எரியும். அதன் சூட்டில் துணி பிழைத்துக் கிடக்கும். கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்துகொண்டே இருக்கும்.

அந்த அலமாரியில் பாதி இன்று காலியாக வேண்டும். சென்னைக் கப்பலில் அப்ஸானா வருகிறாள். கணவன் மீரானுடைய அண்ணன் மகள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். அதுவரை இந்த அறையில்தான் படுக்கை, இந்த அலமாரியில்தான் அவள் துணி.

மஸூதா எல்லாவற்றையும் வாரிக் கட்டிலில் குவித்தாள். சேடில் பீக் மலை அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குக் குவியல் எழுந்தது. ஒருமுறைகூட உடுத்தாத சுடிதார், ஜோடி தொலைந்த கம்மல், கொக்கி போன கைப்பை, தீவை மெயின்லேண்டோடு சேர்த்துக் கட்டி இழுக்கப் போதுமான துப்பட்டா. அத்தனைக்கும் நடுவில் அவள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று. அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றிய மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. அதன் முந்தானையில் குத்திய முத்து ஊசி.

ஜஸீலாவின் சேலை. அப்ஸானாவின் உம்மா. போன மழைக்காலத்தில் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள். துணிக்குத் துணி, மடிப்புக்கு மடிப்பு ஒரு கிராம்பு செருகி வைப்பது அவள் பழக்கம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மஸூதாவுக்குச் சேலை கட்டிவிடுவதும் அவள்தான். "அசையாம நில்லு புள்ள, ஊசி குத்திரும்" என்பாள்.

மய்யித்தின் துணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பை வீட்டார் மஸூதாவிடம் நம்பி ஒப்படைத்தார்கள். பெரார்கஞ்ச் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள், இந்த ஒன்றைத் தவிர. "எல்லாம் குடுத்தாச்சும்மா" என்று போனில் சொன்னபோது அப்ஸானா அழுதுவிட்டாள்.

"மயில்கழுத்துச் சேலையுமா சாச்சி? நிக்காஹுக்கு நான் அதைத்தான் கட்டணும்னு உம்மா சொல்லிட்டே இருப்பாங்களே. சரி, விடுங்க. யாரோ ஏழைப் பொண்ணு கட்டட்டும்."

அந்த ஏழைப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் மஸூதாவின் காது மடல் எரியும். இப்போதும் எரிந்தது. ஒருவரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அலமாரிக் கதவைச் சாத்தியபோது போன் அடித்தது. மீரான், ஹாடோ ஜெட்டியிலிருந்து.

"கப்பல் ஜல்தி வந்துடுச்சு. புள்ள இறங்கிட்டா, ஆட்டோ பிடிச்சாச்சு. அலமாரி காலியா, இல்ல இன்னும் அபர்தீன் பஜாரை விரிச்சு வச்சிருக்கியா?"

"பண்ணிட்டே இருக்கேங்க."

"உன் துணிக்குன்னே தனிக் கப்பல் விடணும்டி."

ஜன்னலோரம் பேசிவிட்டுத் திரும்பினாள். குவியலின் உச்சியில் ஒரு சுடிதார் சதுரமாக மடிந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல அடக்கமாக உட்கார்ந்திருந்தது. எடுத்து உதறினாள். தரையில் சின்னதாக என்னவோ விழுந்து உருண்டது.

கிராம்பு.

நான்தான் மடித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். பழைய கிராம்பு, எங்கேயோ ஒட்டிக் கிடந்திருக்கும். மழை தகரக் கூரையை வெளுத்து வாங்கியது. இந்தத் தீவில் சூரியன் சீக்கிரமே கடை கட்டிவிடும். அறையின் மூலைகளில் ஈரமும் இருட்டும் சேர்ந்தே ஊறத் தொடங்கின. அப்போது கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே தெருவே கறுத்துக் கிடந்தது.

அலமாரிக் கதவின் இடுக்கில் மஞ்சள் கோடு மட்டும் அணையவில்லை.

ஓடியிருப்பாள். ஆனால் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அப்ஸானா அந்தச் சேலையைப் பார்த்துவிடுவாள் என்ற நினைப்பு மற்ற எல்லாப் பயத்தையும் முழங்கையால் இடித்துத் தள்ளியது. சேலையை நைட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டு, அதன் மேல் பர்தாவைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கதவைத் திறந்தாள்.

சேலை அடித்தட்டில் இல்லை. செய்தித்தாள் நான்காக மடிந்து கிடந்தது. சேலை பல்புக்குப் பக்கத்தில் விரிந்து தொங்கியது. தொட்டாள். உடம்பிலிருந்து அப்போதுதான் அவிழ்த்தாற்போல் வெதுவெதுப்பு.

பல்புச் சூடுதான்.

இழுத்தாள். வந்தது. இடுப்பில் சுற்றினாள். இன்னும் வந்தது, கிராம்பு மணத்தோடு, முடிவே இல்லாமல். பிறகு விறைத்தது. ஆணியில் மாட்டியிருக்கும். இன்னொரு முறை இழுத்தாள்.

உள்ளேயிருந்து மெதுவாக, பதிலுக்கு ஓர் இழுப்பு.

வாசலில் ஆட்டோ நின்றது. மீரானின் இருமல். படியில் காலடி. "சாச்சி!"

திரும்பினாள். பர்தா அறைக் கதவுக் கொக்கியில். கையெட்டும் தூரம். கை போகவில்லை.

இடுப்பில் விரல்கள். ஜில்லென்று. ஒரு கொசுவம். இன்னொரு கொசுவம். நீவி, அடுக்கி, அழகாகச் செருகின. பின்னால் அலமாரிக் கதவு முழுக்கத் திறந்துகொண்டது. மஞ்சள் வெளிச்சம் அறை முழுக்கப் பரவியது.

அப்ஸானா பையோடு நிலைப்படியில் நின்றாள். முதலில் சேலையைப் பார்த்தாள். மஸூதாவின் முகம் பற்றி எரிந்தது. பிறகு அவள் பார்வை மஸூதாவைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது.

"சாச்சி... உங்களுக்குச் சேலை கட்டிவிடுறது யாரு?"

முந்தானை தோளில் வந்து விழுந்தது. காதோரம் ஈர மூச்சு.

"அசையாம நில்லு புள்ள."

முத்து ஊசி பட்டில் இறங்கியது. நைட்டியில் இறங்கியது. அதோடு நிற்கவில்லை.