பிரேக்டவுன்

“நாலு நிமிஷம் லேட்! ரைட்... ரைட்!”

அப்பாவின் குரல் காட்டுக்குள் அதிர்ந்தது. புதரிலிருந்த முயல் ஒன்று ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

அந்தப் பாதையில் பேருந்து எதுவும் இல்லை. நான்கு பேர்தான் இருந்தார்கள். முன்னால் அப்பா. அவர் தோளில் தூங்கி வழியும் தம்பி. அடுத்து கொசு. கடைசியில் அம்மா.

கொசு என்பது மகளின் பட்டப்பெயர். காதருகே ஓயாமல் கேள்வி கேட்பதால் அப்பா வைத்தது. இன்று கொசுவுக்கே தெம்பு இல்லை. கால் இரண்டும் ஈயக்குண்டாகக் கனத்தன.

அப்பா பஸ் டிரைவர். ஒரு வருடமாக ரத்தாகி ரத்தாகி, கடைசியில் கிடைத்த மூன்று நாள் விடுமுறை இது. வந்த இடத்திலும் டைம்டேபிள் போட்டுவிட்டார். காலை ஐந்தரை, மரங்கொத்தி. ஏழு பத்து, மான். அடுத்தது, அடுத்தது...

அவர்கள் தங்கியிருந்த ஏரிக்கரை வீட்டின் கதவில், பார்க்க வேண்டிய பத்து விலங்குகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. ஒன்பதுக்கு டிக் அடித்தாயிற்று. மீதி ஒன்று, நீர்நாய். கொசு ஆசைப்பட்டதே அதற்காகத்தான். பாறை முனையில் மாலை ஐந்தரைக்கு வரும் என்று அந்த வீட்டின் காவலாளி சொல்லியிருந்தார். நாளை காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னும் இரண்டு கிலோமீட்டர். நாற்பது நிமிடம்.

கொசு திரும்பிப் பார்த்தாள். திக்கென்றது.

அம்மாவின் சாக்ஸில், குதிகாலுக்கு மேல் சிவப்பாக ஒரு வட்டம்!

“அம்மா, ரத்தம்!”

“உஷ்! புது ஷூ கடிச்சிருக்கு, அவ்வளவுதான். அப்பாகிட்ட மூச்சு விடாதே. பாவம், ஆசை ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்காரு.”

“வலிக்கலையா?”

“வலிக்காம? நட.”

கொசு நடந்தாள். பத்தடி. இருபதடி. பின்னால் அம்மாவின் கால் இழுத்து இழுத்து வந்தது.

நின்றால் நீர்நாய் போச்சு. நிற்காவிட்டால் அம்மாவின் கால் போச்சு. அப்பாவிடமோ சொல்லக் கூடாது.

ஏரியை ஒட்டி ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. கொசு அதில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“வண்டி பிரேக்டவுன்!”

அப்பா சட்டென்று நின்றார். “என்னது?”

“பிரேக்டவுன் ஆனா மெக்கானிக் வர்ற வரைக்கும் டிரைவர் வண்டியை விட்டு அசையக் கூடாது. அதானே ரூல்? நீங்கதானேப்பா சொன்னீங்க?”

“ஏய் கொசு, உன் நீர்நாய் போயிடும்டீ!”

“போனா போகட்டும்.” கொசு ஏரிப் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“மெக்கானிக் எப்ப வருவாரு?”

“அவரு என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்காரு?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைப் புல்லில் கிடத்திவிட்டுத் திரும்பியவர், அம்மா ஷூவைக் கழற்றுவதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“இவ்வளவு காயமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“‘ஓட்டுநருடன் பேசாதீர்’னு நீங்கதான் போர்டு மாட்டிட்டு நடக்குறீங்களே!” என்றாள் அம்மா.

அப்பா அம்மாவின் காலருகே உட்கார்ந்தார். தண்ணீர் புட்டியைத் திறந்து காயத்தைக் கழுவினார். கைக்குட்டையால் கட்டினார். பிறகு மரத்தில் சாய்ந்து, “ரெண்டே நிமிஷம்” என்று கண்ணை மூடினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குறட்டை!

அவர் முகத்தை இவ்வளவு அருகில், இவ்வளவு நேரம் கொசு பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கரியாய் இரண்டு வளையம்.

யாரும் ‘ரைட்’ சொல்லவில்லை. காட்டில் இத்தனை சத்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இலை உரசியது. எங்கோ ஒரு தவளை. அப்புறம்...

சளப்!

கொசு மூச்சை அடக்கினாள். தண்ணீரில் ஒரு கோடு கரையை நோக்கி வந்தது. கோட்டின் நுனியில் பழுப்புத் தலை. நனைந்த மீசை. வாயில் துள்ளும் மீன்.

நீர்நாய்!

அது கரையேறி, மீனைக் கறுக் மொறுக்கென்று தின்றது. அவர்களை ஒருமுறை பார்த்தது. வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

அம்மா கொசுவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அப்பாவை எழுப்பலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். கொசு தலையை ஆட்டி மறுத்தாள்.

அரைமணி நேரம் கழித்து அப்பா துள்ளி எழுந்தார். “ஐயோ! மணி என்ன? நீர்நாய்!”

“வந்துட்டுப் போயிடுச்சுப்பா.”

“இங்கேயா? என்னை எழுப்பக் கூடாதா?”

“நின்ன வண்டியை மெக்கானிக் இல்லாம யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா?”

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மறுபடியும் மரத்தில் சாய்ந்தார்.

“அப்ப சரி. மெக்கானிக் வந்ததும் எழுப்பு.”