வலது பின் சக்கரம்

போன் அடித்தது.

திங்கட்கிழமை. மாலை ஐந்து மணி. அலுவலகத்தின் அடித்தள பார்க்கிங்கில், லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தன் காருக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போறீங்களாமே..." ஓர் ஆண் குரல். நிதானமாக, மரியாதையாக. "வேண்டாமே. மலைப் பாதை. வளைவு ஜாஸ்தி."

"எத்தனை வளைவுன்னு எண்ணிட்டு வந்து சொல்றேன். நம்பர் குடுங்க."

தொடர்பு அறுந்தது.

அவள் போனைப் பக்கத்து சீட்டில் போட்டாள். சாவியைத் திருகினாள்.

டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

டயரில் காற்று குறைவு.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நிற்காமல் கீழே பாய்ந்து, துப்புரவு வேலை செய்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அந்த லிஃப்ட்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, இயக்கக் கூடாது என்று முந்தைய வாரமே எழுதிக் கொடுத்தவள் இவள்தான். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சாதித்தார் கட்டடத்தின் கான்ட்ராக்டர்.

வெள்ளிக்கிழமை இவள் சாட்சிக் கூண்டில் ஏறினால், அவர் உள்ளே போவார்.

வழியில் ஒரு டயர் கடை. நடத்துகிறவளை அந்தத் தெருவே பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அக்கா நான்கு சக்கரத்திலும் கேஜை வைத்துப் பார்த்தாள்.

"மூணு சரியா இருக்கு மேடம். வலது பின் சக்கரம்தான். முப்பத்து மூணு இருக்கணும், இருபத்து நாலு இருக்கு."

"ஆணி ஏதாவது?"

சோப்புத் தண்ணீரை ஊற்றித் தடவினாள். "ஒண்ணும் இல்ல. காத்து அடிச்சு விடறேன். பார்ப்போம்."

விளக்கு அணைந்தது.

செவ்வாய் மாலை... மறுபடி எரிந்தது. அதே சக்கரம்.

அக்கா வால்வின் முள்ளைக் கழற்றிப் புதிது போட்டாள். "பழசு லேசாத் தேஞ்சிருக்கு. இனி வராது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவன் சிரித்தான்.

"சென்சார் கோளாறா இருக்கும்ப்பா. ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைச்சுட்டு வேலையைப் பாரு."

"லிஃப்ட்ல எரியற விளக்கையெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சவன் மேலதான் நான் சாட்சி சொல்லப் போறேன்."

அவன் ரசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

புதன் மாலை... மஞ்சள் விளக்கு!

பஞ்சர் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குமிழி கூட வரவில்லை. சென்சாரையும் சோதித்தாள். அது ஒழுங்காகவே வேலை செய்தது.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"மேடம்... இந்த டயர்ல காத்து தானாப் போகல. யாரோ எறக்கறாங்க."

"எதுக்கு?"

"காத்து கொறைஞ்ச டயர் வேகத்துல சூடேறி வெடிக்கும். மலை எறக்கத்துல வெடிச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க. போலீஸ்ல சொல்லிடுங்க."

"என்னன்னு? டயர்ல காத்து கொறையுதுன்னா? பம்ப் வாங்கிக்கோங்கம்மான்னு சொல்லுவாங்க. கையும் களவுமாப் பிடிச்சுக் குடுத்தாத்தான் நம்புவாங்க." இன்ஸ்பெக்டர் அக்கா பக்கம் திரும்பினாள். "காலையில சரியா இருக்கு, சாயங்காலம் எறங்கிடுது. நாளைக்கு மதியம் கடையை மூடிட்டு ஆபீஸ் பார்க்கிங்குக்கு வர முடியுமா?"

"வீல் ஸ்பேனர் கொண்டு வரவா?"

"இருக்கறதுலயே பெருசா."

வியாழன். மதியம் இரண்டு மணி.

பார்க்கிங்கில் ஆள் நடமாட்டம் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தன் காரின் பின் சீட்டில், ஒரு பழைய போர்வைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். புழுக்கம். கழுத்தில் வியர்வை வழிந்தது. தூணுக்குப் பின்னால் பஞ்சர் அக்கா.

பத்து நிமிடம்... இருபது நிமிடம்...

செருப்புச் சத்தம்.

கார் அருகே வந்து நின்றது. யாரோ குந்தி உட்காரும் மூச்சு. பிறகு...

ஸ்ஸ்ஸ்ஸ்...

கதவைக் காலால் எட்டி உதைத்தாள். வெளியே இருந்த ஆள் மல்லாந்து விழுந்தான். அவன் எழுவதற்குள் அக்காவின் முழங்கால் அவன் மார்பில் இறங்கியிருந்தது.

தொப்பி உருண்டு போனது. முகம் தெரிந்தது.

பார்க்கிங் வாட்ச்மேன்.

ஆறு வருடமாகத் தினமும் காலையில் அவளுக்குக் கேட் திறந்து விடுகிறவர்.

"நீங்களா அண்ணா?" அவள் காரிலிருந்து இறங்கினாள். "அந்தக் கான்ட்ராக்டர் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

"சத்தம் போடாதீங்க மேடம்... வெளியில அவன் ஆளு நிக்கிறான்." வாட்ச்மேன் மூச்சுக்குத் திணறினார். "திங்கக்கிழமை மதியம் ஒருத்தன் மெக்கானிக் மாதிரி வந்தான். உங்க காருக்கு அடியில பூந்தான். கேட்டதுக்கு, வாயைத் திறந்தா உன் பொண்டாட்டி எந்தக் கடையில வேலை பார்க்கறாள்னு தெரியும்னு சொன்னான்."

"அதனால?"

"வாயைத்தானே திறக்கக் கூடாது மேடம்... வால்வைத் திறந்து விட்டேன்."

அக்காவின் முழங்கால் தானாக விலகியது.

"விளக்கு எரிஞ்சா எப்படியும் வண்டியை டயர் கடைக்குக் கொண்டு போவீங்க. அவன் கை வெச்ச சக்கரத்தையே எறக்கினேன். கழட்டினாப் பார்த்துடுவாங்கன்னு நம்பினேன். தினமும் வண்டி அப்படியே திரும்பி வந்துச்சு..."

"சக்கரத்தைப் பார்த்தேன்," என்றாள் அக்கா மெதுவாக. "சக்கரம் இருந்த இடத்தைப் பார்க்கல."

ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. செல்போன் வெளிச்சத்தில் அக்கா குனிந்தாள்.

பிரேக் ஹோஸ். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். பாதிக்கு மேல் பிளேடால் கீறியிருந்தது.

"டவுனுக்குள்ள மெதுவா மிதிச்சதால தாங்கியிருக்கு. மலையில அழுத்தி மிதிச்சிருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மாடியும் கீழே வந்த அந்த சில நொடிகள்... அந்தப் பெண்கள் இருவரும் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்?

ஒரு நிமிடம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போலீசுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்குக் கோர்ட்ல இதைச் சொல்லுவீங்களா?"

வாட்ச்மேன் தொப்பியைப் பொறுக்கித் தூசி தட்டினார். நிறைய நேரம் தட்டினார்.

"பொண்டாட்டியை அவ அண்ணன் வீட்ல விட்டுட்டு வந்துடறேன் மேடம். அதுக்கப்புறம் எவன் வேணா மிரட்டட்டும்."

கேட்டில் நின்றவனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. இரவு ஒன்பது மணிக்குள் அவன் கான்ட்ராக்டரின் பெயரைச் சொல்லிவிட்டான். அவருக்கு அது தெரியாமல் போலீஸ் பார்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை. கோர்ட் வராந்தா.

வெள்ளைச் சட்டையில் கான்ட்ராக்டர், வக்கீலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் ஜீப்பிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னாலேயே வாட்ச்மேன் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், கையில் அரக்கு வைத்து முத்திரையிட்ட ஒரு பையோடு.

கான்ட்ராக்டர் சமாளித்துக்கொண்டார்.

"என்ன மேடம்... கார்ல வரலையா?"

அவள் நின்று, அவர் கண்ணைப் பார்த்தாள்.

"காரைக் கூண்டுல ஏத்த மாட்டாங்களாம் சார். அதான் பிரேக் ஹோஸை மட்டும் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்."