ஆளில்லாத சாலை

கட்டிங் யூனிட்டின் இரும்புக் கேட் திறந்தது. திறந்த ஆளைக் காணவில்லை.

டேனியல் கிளட்சை மிதித்தபடி ஒரு கணம் பார்த்தான். கேட்டின் அடிச்சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே ஒதுங்கியது. பீடி வாசனை வந்தது. வாட்ச்மேன் கன்னையன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்ததுபோல இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆள் மட்டும் இல்லை. கேட்டுக்குப் பின்னால் நிற்கிறார் போலும் என்று வண்டியை உள்ளே விட்டான்.

வெளியே வரும்போது கன்னையன் வண்டியை மறித்தார்.

"ஏனுங்க டேனியலு, காலையில கும்புட்டனுங்க. மூஞ்சியக்கூடத் திருப்பாமப் போயிட்டீங்க. நானென்ன தப்புப் பண்ணிப்போட்டன்?"

"உங்களப் பாக்கலீங்களே."

"முன்னாலயேதான நின்னன். எங்காலு மேல ஏத்தாத கொறைங்க!"

அவர் சிரித்தார். டேனியலுக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையில் அவன் கண்ணுக்குத் தப்பியது என்று இதுவரை எதுவும் இருந்ததில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் பிறப்பதற்குள் ஊரைச் சுற்றிவிடும். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து சுருக்கம் நீக்கக் காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், கடைசியில் தையல். ஒவ்வொன்றும் ஊரின் ஒவ்வொரு மூலையில் இருக்கிறது. இடையில் இருப்பது டேனியலின் டாடா ஏஸ் போன்ற வண்டிகள்தான். ஓரிடத்தில் தாமதமானால் அடுத்த இடத்தில் மெஷின் சும்மா நிற்கும். மெஷின் சும்மா நின்றால் யாரையாவது திட்டியாக வேண்டும். திட்டுவதற்கு வாகாகக் கிடைப்பவன் டிரைவர்.

அங்கே ஏற்றிக்கொண்ட திட்டையெல்லாம் டேனியல் சாலையில் இறக்குவான். காதில் ஹெட்போனோடு நடுரோட்டில் நடப்பவனை, துணி மூட்டையை மொபட்டில் கட்டிக்கொண்டு வளைவில் சாய்பவரை, எதிர்த்திசையில் வந்துவிட்டு முறைக்கிறவனைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவான். நாளெல்லாம் திட்டுவான். ஆனால் அவன் வண்டி யார்மீதும் உரசியதில்லை. இந்த ஊரில் வண்டி ஓட்டுவதென்றால், அடுத்தவன் செய்யப்போகும் தவறுக்கு முன்கூட்டியே கோபப்படுவதுதான். கோபம் வந்த கண், பால் பாக்கெட்டோடு சந்திலிருந்து ஓடிவரும் குழந்தையை அது திரும்புவதற்கு முன்பே பார்த்துவிடும்.

அந்தக் கோபம் அவனுடைய ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டது. மாத்திரையோடு மனதுக்கும் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். வீரபாண்டிப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் செக்கிங் வேலை பார்க்கும் அவன் மனைவி ஜெயசுதா, தன் தம்பியின் பழைய கம்ப்யூட்டரையும் அதோடு இணைக்கும் ஸ்டீயரிங்கையும் கேட்டு வாங்கி வந்தாள். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு இருந்தது.

"பகலெல்லாம் வண்டி ஓட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தும் வண்டிதானுங்களா? சமையக்காரன் லீவு போட்டுச் சோறாக்குன கதைதான் போங்க" என்று அவளே கேலியும் செய்தாள்.

ஆனால் அது வேறு வண்டி, வேறு சாலை. ஏதோ ஒரு குளிர்நாட்டின் நெடுஞ்சாலை. இண்டிகேட்டரைப் போட்டால் டிக் டிக் என்று அடிக்கும், பின்னால் வருகிற கார் வழிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்தால், அந்தப் பெரிய எஞ்சின் உறுமி உறுமித் தணிந்து, செய்த வேலைக்குத் தகுந்த பலனை ஒவ்வொரு முறையும் மாறாமல் கொடுக்கும். மழை பெய்யும், வைப்பர் ஆடும், சாலை எங்கோ தூரத்தில் பிறந்து அவனை நோக்கி வந்துகொண்டே இருக்கும். எங்கே இருக்கிறாய் என்று கேட்டு ஒரு போன் வராது. செய்வதற்கு ஒரே ஒரு வேலை. அதைச் சரியாகச் செய்தால் சரியாக நடக்கும். ஊரில் வேறெங்கும் கிடைக்காத நியாயம் அது.

அந்தச் சாலையில் மனிதர்கள் இல்லை என்பதை அவன் தாமதமாகத்தான் கவனித்தான். கார்கள் போகும், லாரிகள் போகும், ஓட்டுகிற இருக்கைகளில் யாரும் இருக்கமாட்டார்கள். நடைபாதைகள் துடைத்துவிட்டதுபோல இருக்கும். யோசித்தபோது காரணமும் பிடிபட்டது. மனிதரை வைத்தால் ஒருநாள் அடிபடுவார். அடிபட்டால் அமைதி போய்விடும். அதனால் மனிதரையே எடுத்துவிட்டார்கள்.

"இப்பத்தானுங்க மனுசனா இருக்கீங்க" என்றாள் ஜெயசுதா. அவன் கத்துவதை விட்டிருந்தான். தூங்கினான். அவள் தோளில் சாய்ந்து டி.வி. பார்த்தான்.

கேட் தானாகத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருக்கும் வேகத்தடை. பள்ளி விடும் நேரம். வண்டியை மெதுவாக்கியபோது சாலை இப்பக்கமிருந்து அப்பக்கம்வரை காலியாக வெயிலில் கிடந்தது. ஆனால் ஜன்னலோரம் மல்லிகை வாசனை ஒன்று நகர்ந்து போனது. கொலுசுச் சத்தம் வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிற்று. தண்ணீர் பாட்டில் ஒன்று தரையில் விழுந்து உருண்டு, நின்று, பிறகு அங்கே இல்லை. டேனியலின் பிடரி முடி சிலிர்த்தது. ஆனாலும் மனம் அமைதியாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. பயம் உடம்பில் மட்டும் இருந்தது; உள்ளே அந்தக் குளிர்நாட்டுச் சாலை ஓடிக்கொண்டிருந்தது.

ஆளற்ற மார்க்கெட் தெரு ஒன்றில் இடது பக்கக் கண்ணாடி 'டப்'பென்று உட்புறமாக மடங்கியது. வெறும் காற்றிலிருந்து குரல் வந்தது.

"கண்ணு என்ன பொடனீலயா இருக்குது? எறங்குடா கீழ!"

டா என்ற சொல் அவனைச் சுட்டது. ரத்தம் ஏறியது. ஏறிய அதே கணத்தில், ஈரத்துணியில் எண்ணெய்க்கறை தெரிவதுபோல, கண்ணாடியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. பிறகு தோள், பிறகு முறைக்கும் முகம். அதன் பின்னால் தெருவே நிரம்பியது. வண்டியின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால், தலையில் கூடையோடு, ஒரு கிழவி நடந்துகொண்டிருந்தாள்.

அன்று மாலையே விளையாட்டை அழித்தான். ஸ்டீயரிங்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினான். விளையாட்டு அழிந்தது. அமைதி அழியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பழைய அவமானங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்; பெட்ரோல் தீர்ந்த வண்டியைக் கிக்கர் அடிப்பதுபோல இருந்தது.

"சுதா, எனக்குக் கோவமே வர மாட்டேங்குது புள்ள" என்றான். கண் கலங்கியிருந்தது.

"கோவம் வரலைன்னு அழுகற ஆம்பளைய இப்பத்தானுங்க பாக்கறன்." அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள். "ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுத் தூங்குங்க."

வண்டியை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தான். இரண்டு நாள் எடுக்கவுமில்லை. சனிக்கிழமை மதியத்துக்குமேல் தையல் யூனிட் மேனேஜர் மருதாசலம் கூப்பிட்டார்.

"டேனியலு, கழுத்துல வெச்சுத் தைக்கற ரிப் பீஸ் இல்லாம தையல் லைனு நிக்குதுங்க. வேற வண்டி கெடைக்கல. நீங்கதான் வரோணும்."

"எனக்குக் கண்ணு சரியில்லீங்க."

"ஒரே ஒரு டிரிப்புங்க. உங்க ஊட்டுக்காரம்மா லைனும் இதுக்குத்தான் நிக்குது. திரும்பிப் போறப்ப அவங்களயும் கூட்டிட்டுப் போயிரலாமல்ல?"

"அப்ப என்னை நல்லாத் திட்டுங்க சார். கெட்ட வார்த்தையிலயே திட்டுங்க."

"திட்டறதா? தங்கமான மனுசனாயிட்டீங்க இப்ப. உங்களப் போயி யாராச்சுந் திட்டுவாங்களா?" போன் வைக்கப்பட்டது.

பழைய மருதாசலம் என்றால் வணக்கத்துக்கு முன்பே வசவு வரும். ஜெயசுதாவின் லைனும் நிற்கிறதே என்று டேனியல் ஆட்டோ பிடித்துக் கட்டிங் யூனிட்டுக்குப் போனான். வண்டி அங்கேதான் நின்றது. பீஸ் பண்டல்களை ஏற்றி முடித்திருந்தார்கள். வானம் கறுத்து, துணித்தூசியும் மழை வாசனையும் கலந்த காற்று அடித்தது. கன்னையன் தெரிந்தார், கொஞ்சம் வெளுத்துப்போனதுபோல.

"உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க. என்னை ரோசம் வர்றாப்புல திட்டுங்க."

"அட, என்னுங்க இது? உங்களத் திட்ட எனக்கு வாய் வருமுங்களா?"

"திட்டினாத்தான் நான் உசுரோட போய்ச் சேருவன். எனக்காகங்க."

கன்னையன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். தொண்டையைச் செருமினார். இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நீங்க ஒரு... நீங்க ஒரு எருமைங்க." உடனே கையைக் குவித்தார். "காங்கேயம் காளைன்னு சொல்லலாமுன்னுதான் பாத்தனுங்க. அது பெருமையாப் போயிருமுங்க."

டேனியலால் அடக்க முடியவில்லை. சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மார்பு இலேசானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

பின்னால் துணி லாரி ஹாரன் அடித்தது. அதன் டிரைவர் இருக்கையிலும் யாரும் இல்லை.

அவன் முதல் கியரிலேயே போனான். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத பஸ்கள் விளக்கு எரிய எதிரே வந்தன. ஆளில்லாத கார்கள் ஒழுங்காக வரிசையில் நின்று நகர்ந்தன. இரு சக்கர வண்டிகளே ஊரில் இல்லை. வைப்பர் ஆடியது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. எவ்வளவு அழகான சாலை. அப்படி நினைத்த மறுநிமிடம் தொடையை நகத்தால் கிள்ளினான். வலித்தது. கோபம் வரவில்லை.

யூனிட் இருக்கும் தெருவில் திரும்பியபோது சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற சங்கு. சனிக்கிழமை, சம்பள நாள். அப்படியென்றால் கேட்டிலிருந்து இந்தத் திருப்பம்வரை தலைகளாக இருக்க வேண்டும். பூக்காரி, மீன்கூடை, பானிபூரி வண்டி, நைட்டிக்கடைகள் இருக்க வேண்டும். இந்தியும் தமிழும் கலந்த இரைச்சல் இருக்க வேண்டும். இரைச்சல் இருந்தது. மீன் வாசனை இருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈரத் தார் மட்டும் பளபளத்தது.

பிரேக்கை மிதித்தான். நின்றான். இனி ஓர் அங்குலம் நகரமாட்டேன்.

போன் அடித்தது. ஜெயசுதா.

"உங்க வண்டி தெரியுதுங்க. ஏனுங்க நடுவால நிறுத்திப்போட்டீங்க? பின்னால பஸ்ஸு நிக்குது பாருங்க."

"நீ எங்க நிக்கற?"

"உங்களுக்கு நேராத்தான். கை காட்டறன், தெரியலீங்களா?"

"தெரியல சுதா. யாருமே தெரியல."

"மழைக்குக் கண்ணாடி மங்கியிருக்கும். நான் சொல்றாப்புல வாங்க. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. பதறாம வாங்க... வரலாம். வரலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அந்தக் குரல். தலையைக் கோதுகிற குரல். கால் தானாகப் பிரேக்கைவிட்டு எழுந்தது.

"வரலாம்... கொஞ்சம் ரைட்ல ஒடிங்க... அப்படித்தான். வரலாம்."

சொன்னபடி ஒடித்தான். சொன்னபடி வண்டி திரும்பியது. ஒரே ஒரு வேலை. சரியாகச் செய்தான்.

"வரலாம்... வரலாம்..."

பின்னாலிருந்த பஸ்ஸின் ஏர் ஹாரன் அலறியது. காதை அடைத்தது. நீளமாக. மிக நீளமாக. அதற்குள் அவள் ஏதோ சொன்னாள். ஒரு சொல். இரண்டு முறை.

முன்சக்கரம் எதன்மீதோ ஏறியது.

நின்றான்.

ஹாரனும் நின்றது. இரைச்சலும் நின்றது. மழை மட்டும்.

"சுதா?"

போன் இணைப்பில்தான் இருந்தது. அதற்குள்ளும் மழை பெய்யும் சத்தம்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் காலியான தெரு. அழகான, துடைத்துவிட்ட தெரு.

பின்னால் மீண்டும் ஹாரன் அடித்தது.

"சும்மா இருடா!" என்று கத்தினான். தொண்டை கிழிந்தது. அடிவயிற்றிலிருந்து அது வந்தது. ஹாரன்மீது. மருதாசலத்தின்மீது. அந்த நல்ல பிள்ளைச் சாலையின்மீது. தன் கால்மீது. சுடச்சுட வந்தது. பழைய கோபம். முழுக் கோபம்.

முதலில் ஒரு கை. கண்ணாடியில் விரிந்து, அடித்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். பிறகு இன்னொன்று. பிறகு கண்ணாடி முழுக்கக் கைகள். குடைகள். சாப்பாட்டுப் பைகள். முகங்கள். தெருவெல்லாம் முகங்கள்.

அவளைத் தேடினான். ஒவ்வொரு முகமாக. வலப்பக்கம். இடப்பக்கம். கேட்வரை.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் குனிந்து, அவன் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.