பதினான்காம் அறையின் வினாத்தாள்

"பதினேழு வயசுப் பொண்ணுக்கு விலங்கு மாட்டி அனுப்பப் போறீங்களா, டுவைட்?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? பள்ளிக்கூடமே இன்னிக்கு செத்துப் பொழைச்சிருக்கு, மேக்சின்! வெளிய போய்ப் பாருங்க, எத்தனை அம்மாக்கள் அழுதுகிட்டு நிக்கிறாங்கன்னு!"

முதல்வர் டுவைட் ஃபெரலின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நைலா அபர்நதிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டாள். அவளுக்காக உள்ளே வாதாடியவர் அரசியல் பாட ஆசிரியை மேக்சின் டோலன்.

ஒஹையோவில் ஹார்லன் கிரீக் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி அது. அன்று அங்கே குடிமையியல் வினாடி வினாப் போட்டி நடக்க இருந்தது. அரசியலமைப்பு, காங்கிரஸ், நீதிமன்றம், அந்த வாரத்துச் செய்திகள் என்று எல்லாவற்றிலும் கேள்வி உண்டு. பக்கத்து ஊர் அணியும் வந்து நூலகத்தில் காத்திருந்தது. போட்டியின் வினாத்தாள் ஒட்டிய உறைக்குள், அதே நடைபாதையில் ஆளில்லாத பதினான்காம் அறையில் இருந்தது.

காலை 10:10. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டான் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஒலிபெருக்கி அலறியது. கதவுக் கண்ணாடிகளில் கறுப்புத் திரைகள் இறங்கின. கதவுகள் பூட்டப்பட்டன. அறை விளக்குகள் அணைந்தன. மேசைகளுக்கு அடியிலும் மூலைகளிலும் பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். சிலர் வீட்டுக்குக் கடைசிச் செய்தி அனுப்பினார்கள். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

10:50. பொய் மிரட்டல் என்று தெரிந்தது. பள்ளிக் காவலர் ரோசலிண்ட் ஹாக் சாவியோடு நடைபாதையில் வந்தார். வழியில் கிடந்த ஒரு நீல ஷூவை எடுத்துக்கொண்டார். கழிவறையில் ஒடுங்கியிருந்த நைலாவின் காலில் அதை மாட்டிவிட்டார். பிறகுதான் மற்ற கதவுகளைத் திறக்கப் போனார். எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் திரும்பி வந்து பதினான்காம் அறையைத் தாண்டும்போது, கதவுக் கண்ணாடி வழியாக, உள்ளே மேசைமேல் கிழிந்து கிடந்த வினாத்தாள் உறையைப் பார்த்தார். அறையில் யாரும் இல்லை.

கதவுகள் பூட்டியிருந்த நேரத்தில் எந்த அறைக்குள்ளும் இல்லாத ஒரே ஆள் நைலா. முதல்வருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஹாக் அவளை உள்ளே அழைத்துப் போனார்.

"அலாரம் அடிச்சப்ப எங்கம்மா இருந்த?"

"பாத்ரூம்ல."

"அப்புறம்?"

"மிஸ் டோலன் ரூமுக்கு ஓடி வந்து தட்டினேன். திறக்கல." நைலா ஆசிரியையைப் பார்க்கவில்லை. "பதினாலாவது ரூமுக்கு ஓடினேன். அது உள்பக்கமா பூட்டியிருந்துச்சு. உள்ள யாரோ நகர்ற சத்தம். அவன்தான்னு நெனச்சேன். திரும்பவும் பாத்ரூமுக்கே ஓடிட்டேன்."

"காலி ரூம் தானா பூட்டிக்குமா?" முதல்வர் மேசையைத் தட்டினார். "நீயே போன் பண்ணி எல்லாரையும் ஒளிய வச்சுட்டு, கேள்வியப் பாத்திருக்க. ஒத்துக்கோ. ஷெரிஃபோட போலீஸ் வண்டி வெளியில நிக்குது."

நைலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அரசியலமைப்போட அஞ்சாவது திருத்தம். எனக்கு எதிரா நானே சாட்சி சொல்லணும்னு இல்ல."

"என்கிட்டயே குவிஸ் பதிலா?"

"சரியான பதில்தான் சார். முழு மார்க் போடுங்க," என்றார் ஹாக்.

அடுத்து பக்கத்து ஊர் அணியின் பயிற்சியாளர் வெஸ்லி கிராஃப் வந்தார். நைலாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாவம்தான். ஆனா பாத்தத மறைக்கலாமா? லைப்ரரில கதவோரமா இருந்தேன். கண்ணாடி வழியாப் பாத்தேன். பதினாலுலேர்ந்து அழுதுகிட்டே ஓடினா. ஒரு கால்ல ஷூகூட இல்ல."

"எந்தக் கால்?"

"இடது."

நைலா அரண்டுபோய்த் தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். "போதுமா?" என்று முதல்வர் எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றார் ஹாக். "கோச் பொய் சொல்லல. நெசமாவே பாத்திருக்கார். லைப்ரரியத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் ஷூவ மாட்டிவிட்டுட்டேன். அதனால அவ ஓடினப்பதான் பாத்திருக்கணும். எங்கேர்ந்து பாத்தீங்க, கோச்?"

"லைப்ரரிலேர்ந்துன்னு சொன்னேனே."

"நான் திறந்தப்ப லைப்ரரிக் கதவுல திரை இறங்கியிருந்துச்சு. மிஸ் டோலன் ரூம்லயும் அப்படித்தான். இங்க எல்லாருக்கும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஒத்திகை பாத்துப் பழகின கை. அலாரம் அடிச்சதும் மொதல்ல திரையத்தான் இழுக்கும். அந்த நடைபாதையில திரை இறங்காத கண்ணாடி ஒண்ணே ஒண்ணுதான். பதினாலு. உள்ள விளக்குப் போட்டா மாட்டிக்குவீங்க. கேள்வியப் படிக்க நடைபாதை வெளிச்சம் வேணுமே?"

கிராஃபின் முகம் வெளுத்தது. "எங்க பசங்களக் கேளுங்க, நான் கூடத்தான்—"

"இருட்டுல தலையக் குனிஞ்சு கெடந்த பசங்க. நீங்க அலமாரிக்குப் பின்னால இருக்கீங்கன்னு நெனச்சிருப்பாங்க. எல்லாரும் வரிசையா வெளிய வந்தப்ப நீங்க வால்ல ஒட்டிக்கிட்டீங்க. போனை மேசைமேல வைங்க. வாரன்ட் வர்ற வரைக்கும் தொறக்க மாட்டேன். நாலாவது திருத்தம், அனுமதி இல்லாம யாரையும் சோதனை போடக் கூடாது."

கிராஃப் போனை வைக்கவில்லை. நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "வருஷா வருஷம் தோத்துகிட்டே இருந்தோம். இந்தத் தடவையும் தோத்தா என்னைத் தூக்கிடுவாங்க. வெறும் போன்தானே. யாருக்கும் அடிபடலயே."

ஹாக் அவரை வெளியே கூட்டிப் போனார்.

மேக்சின் டோலன் நைலாவிடம் வந்தார்.

"நீதான்னு தெரிஞ்சுதும்மா. என் பேரச் சொல்லித்தான் தட்டின. உள்ள இருபத்தாறு பிள்ளைங்க. உன் பின்னால அவன் நிக்கிறானோன்னு…"

"தெரியும் மிஸ். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அதான ரூல்." நைலா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆசிரியை நீட்டிய கையைப் பிடிக்காமலே போய்விட்டாள்.

திருடன் யார் என்பதை ஹாக் சொல்லிவிட்டார். இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருபத்தாறு பிள்ளைகளோடு நீங்கள் இருந்திருந்தால் திறந்திருப்பீர்களா? மழுப்பாமல், திறப்பேன் அல்லது மாட்டேன் என்று கீழே எழுதுங்கள்.