இன்னொரு தையல்

காலை ஏழு மணிக்கு, நோயாளியின் கழுத்திலிருந்து வெளியே வரவேண்டிய குழாய் வர மறுத்தது.

முந்தைய நாள் இதய ஆபரேஷனுக்கு முன்னால் அதைக் கழுத்து ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் செலுத்தியவள் மயக்க மருந்து டாக்டர். இப்போதும் அவளேதான் இழுத்தாள். ஒரு விரற்கடை வந்தது. அதற்கு மேல், ஒவ்வொரு துடிப்புக்கும் யாரோ உள்ளிருந்து சுண்டி இழுத்தார்கள். திரையில் துடிப்பு ஒருமுறை தடுமாறவும் கையை எடுத்துவிட்டாள்.

சர்ஜன் வந்தான். மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவள் கணவன். பிரிந்த பிறகும் ஒரே தியேட்டரில்தான் இருவருக்கும் பிழைப்பு. அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"உள்ள முடிச்சு விழுந்திருக்கும், மேடம். நீங்க போட்ட குழாய்தானே? கொஞ்சம் பலமா இழுங்க."

குடித்தனம் நடத்திய காலத்திலும் இதே கதைதான். தப்பு எப்போதும் அடுத்தவர் தலையில் விடியும். ஒரே ஒரு தடவை 'என் தப்புதான்' என்று சொல்லியிருந்தால் அவள் பெட்டியைக் கட்டியிருக்க மாட்டாள். அந்த வார்த்தைக்கு இன்னமும் ஏங்கினாள், வெட்கங்கெட்ட மனசு.

பலமாக இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். படத்தில் முடிச்சு இல்லை. குழாய் ஒழுங்காகத்தான் கிடந்தது. அப்படியானால் இதயத்தில் போட்ட தையலில் மாட்டிக்கொண்டதா? ஆனால் இதயத்தைத் தைத்து முடித்ததும் குழாயை அசைத்துப் பார்ப்பது வழக்கம். நேற்றும் அசைத்தாள். தடையில்லாமல் நகர்ந்தது.

தியேட்டர் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நான் அசைச்சதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?"

"லேசா ரத்தம் கசிஞ்சுது, டாக்டர். சார் இன்னொரு நூல் கேட்டாரு."

"திரும்ப என்னை அசைக்கச் சொன்னாரா?"

"இல்லையே."

அவளுக்கும் ஞாபகம் வந்தது. மறுபடி அசைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்து, இந்த ஆளிடம் நாமாகப் போய்ப் பேசுவதா என்று விழுங்கியிருந்தாள்.

நேரே அவனிடம் போனாள்.

"முடிச்சு இல்ல. கடைசியா நீங்க போட்ட தையல் குழாயையும் சேத்துப் பிடிச்சிருக்கு. அதான் துடிக்கிறப்பல்லாம் இழுக்குது. பலமா இழுத்திருந்தா இதயமே கிழிஞ்சிருக்கும். நான் அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல."

அவன் படத்தைப் பார்த்தான். "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு" என்றான். பேச்சில் 'மேடம்' காணோம்.

மார்பை மறுபடி திறந்து அந்த ஒரு தையலை வெட்டினான். குழாய் அவள் கையோடு வந்தது.

வெளியே நோயாளியின் மனைவி காத்திருந்தாள். அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு அவளெதிரே நின்றான்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. ரெண்டாவது தடவை திறக்க வேண்டி வந்தது என்னாலதான். என் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

அந்தம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவளும் அழுதாள். இத்தனை வருடம் அவள் காத்துக் கிடந்த வார்த்தை, முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கிடைத்துவிட்டது.